பார்ட்டி மானிட்டர்

நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் சொல்கிறேன் அக்கா. நானாக யாரிடமும் வாய் திறக்கிற ஆள் இல்லை. "கொழந்தையத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல எங்கம்மா போற?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அப்படி ஒருத்தர் கேட்டு எத்தனையோ நாள் ஆகிறது. கெங்கவல்லிக்குத்தான் போகிறேன். சொந்தம் இல்லை. எங்கள் கடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருத்தருடைய வீடு அங்கே. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஒரே ஒரு விஷயம்தான்.

ஏய் நிவி, பெரியம்மா பையை இழுக்காதே. உட்கார். ஐயோ, பிஸ்கட்டெல்லாம் எதுக்கக்கா... சரி, வாங்கிக்கோ. தேங்க்ஸ் சொல்லு பெரியம்மாவுக்கு. சொல்ல மாட்டாள். என்னை மாதிரியேதான்.

ஆத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு பிளக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்பார்கள். அங்கேதான் எனக்கு வேலை. கூட்டுவேன், துடைப்பேன், டீ வாங்கி வருவேன். அடித்து முடித்த பேனருக்குக் கயிறு கட்ட ஓரத்தில் ஓட்டை போட்டு ரிங் அடிப்பேன். ஆறாவதோடு நின்றவளுக்கு வேறென்ன தெரியும். வீட்டுக்காரர் போர் போடுகிற வண்டியில் வடக்கே போயிருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நூல் மில்லில் போய்க் கேட்டேன், பிள்ளையை விட்டுவிட்டு வா என்றார்கள். யாரிடம் விடுவது? இந்தக் கடை முதலாளி ஒருத்தர்தான், "கூட்டிக்கிட்டு வா, மிஷின் பக்கம் மட்டும் விடாத" என்றார். பிளக்ஸ் சுற்றி வருகிற அட்டைக் குழாய்தான் இவளுக்கு விளையாட்டுச் சாமான். மிச்சத் துண்டை நாலாக மடித்துப் போட்டால் அதுதான் படுக்கை. அந்த இடம் போனால் எனக்கு வேறு இடம் இல்லை அக்கா. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான் பார்க்கப் போகிறவர் தாமு அண்ணன். தாமோதரன் என்று பெயர். அந்தக் கடையில் எட்டு வருடமாக டிசைன் செய்தவர். வாய் ஓயாது அவருக்கு. என்னையும் பேச வைத்துப் பார்ப்பார். "கௌசி, இன்னிக்கு எத்தன வார்த்த பேசியிருக்கற? மூணா, நாலா?" என்பார். நான் சிரிப்பேன். "சிரிப்பு கணக்குல வராது" என்பார்.

அவர் மேசையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஆனால் டிவி மாதிரி திரை இரண்டு. ஒன்று அவர் பக்கம் பார்த்திருக்கும். இன்னொன்று கவுண்டருக்கு மேலே, வருகிறவர்கள் பக்கம் பார்த்திருக்கும். பேனர் அடிக்க வருகிறவர்களைக் கடையில் பார்ட்டி என்றுதான் சொல்வார்கள். அதனால் அதற்குப் பெயர் பார்ட்டி மானிட்டர். அண்ணன் உள்ளே உட்கார்ந்து போட்டோவை நகர்த்தினால் வெளியே நிற்கிறவர்களுக்கும் நகர்வது தெரியும். அவர்கள் திரையில் விரலை வைத்து, "இவுரு மேல வரணும், இந்தாளத் தூக்கிக் கீழ போடு, எங்க அத்த மூஞ்சியக் கொஞ்சம் வெளுப்பாக்கு" என்று காட்டுவார்கள். அந்தக் கண்ணாடி பூராவும் விரல் தடம்தான். தினமும் நான்தான் துடைப்பேன். பார்ட்டி விரல் வைத்து, "சரி, அடிங்க" என்று சொன்ன பிறகுதான் மிஷினுக்குப் போகும். அதுதான் கடை வழக்கம். அதனால் எட்டு வருடத்தில் ஒரு பேனர் தப்பாகப் போனதில்லை என்று முதலாளியே சொல்வார்.

ஆயுத பூஜை வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்தோம். தாமு அண்ணன் கம்ப்யூட்டரை நிறுத்தி, பின்னால் இருந்த வயர்களைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். அவர் பக்கத்து டிவி வயருக்குத் திருகாணி உண்டு, அது துருப்பிடித்துப்போய் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார். பார்ட்டி மானிட்டர் வயருக்குத் திருகாணி கிடையாது. தட்டையான வாய். இழுத்தால் வந்துவிடும். "தொடச்சு வெச்சிரு கௌசி, பொட்டெல்லாம் வெச்சிரு. நான் பூசணிக்காயும் பொரியும் வாங்கிக்கிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வேலை பிடிக்கும் அக்கா. சத்தம் இல்லாத வேலை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன், பன்னீர் விட்டு. பிளக்ஸ் மிஷினுக்கு வைத்தேன். கத்தரிக்கோலுக்கு முனையில் வைத்தேன். கட்டர் பிளேடுக்கு அதன் விளிம்பில். ரிங் அடிக்கிற சுத்திக்குத் தலையில். எந்தச் சாமானாக இருந்தாலும் அது எந்த இடத்தால் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தானே பொட்டு வைப்போம்? எங்கள் வீட்டில் அப்படித்தான். அரிவாள்மனைக்குக் கட்டையிலா வைப்பார்கள்? வாயில்தானே.

எல்லாவற்றுக்கும் வைத்தேன். ஒன்றுகூட விடவில்லை. டிவி இரண்டுக்கும் நெற்றியில் பட்டை போட்ட மாதிரி வைத்திருந்தேன், முதலாளியே வந்து பார்த்து, "லட்சணமா இருக்குது" என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

மறுநாள் பூஜை. அதற்கடுத்த நாள்தான் கடை திறந்தோம். அண்ணன் மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவித் தடவி வயரையெல்லாம் மாட்டினார். அங்கே வெளிச்சம் கிடையாது. சுவிட்சைப் போட்டார். அவர் பக்கத்து டிவி வந்தது. பார்ட்டி மானிட்டர் வரவில்லை.

வரவில்லை என்றால் சுத்தமாக வராமல் இல்லை. ஒரு தடவை நீலமாக முழித்தது. அப்புறம் கருப்பில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அலைந்தது. அதற்குள் இங்கிலீஷில் ஏதோ எழுத்து. நிவி கை தட்டி, "மீனு, மீனு" என்றாள். அண்ணன், "ஆமா சாமி, மீனுதான். நோ சிக்னல் மீனு" என்றார். கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு மீனும் போய்விட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது அக்கா. நான் கிட்டே நின்று பார்த்தவள், எனக்கே பாதி பாடம் ஆகிவிட்டது. முதலில் நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். வரவில்லை. வயரைக் கழற்றிக் காலை வரை சும்மா விட்டுப் பார்த்தார். வரவில்லை. கீபோர்டில் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் நாலு கட்டம் வரும், ஒரு திரையா இரண்டு திரையா என்று அதில் சொல்ல வேண்டுமாம். சொன்னார். அப்புறம் ஒரு இடத்தில், 'டிடெக்ட்' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் கம்ப்யூட்டரே சுற்றிப் பார்த்து இன்னொரு திரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்குமாம். அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் வேறு திரை எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

"இதா இருக்குதுடா. உன் எதுத்தாப்லயே இருக்குது. கண்ணு தெரியலயா?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினார்.

எனக்கு அந்தப் பட்டனையே பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியாது. அது சுற்றிப் பார்க்கும்போது நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் போய்விடுவேன்.

மூன்றாவது நாள் பார்ட்டி மானிட்டரைக் கீழே இறக்கி, அவர் பக்கத்துத் திருகாணி வயரை எப்படியோ எண்ணெய் விட்டுக் கழற்றி அதில் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. "அப்ப மானிட்டர் நல்லா இருக்குது. வயர்தான்" என்றார். நான் நிவியைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டேன். முதலாளி புது வயர் வாங்கிக் கொடுத்தார். பழைய வயரைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்கள். அன்றைக்குக் குப்பை கொட்டியது நான்தான், வழக்கம்போல.

புது வயரை மாட்டினார். அதற்கும் வரவில்லை.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா அக்கா. அப்போது வயர் காரணம் இல்லை. நான் காரணம் இல்லை. சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். வயர் மாட்டுகிற ஓட்டைக்குள்ளே கொஞ்சம் சந்தனம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? வயர் வாயில் வைத்த பொட்டு அந்தப் பழைய வயரோடு போய்விட்டது என்று நினைத்தேன். உலோகத்தில் சந்தனம் ஒட்டமாட்டேன் என்றது, சுண்டு விரலால் கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தேன். இரண்டு முனைக்கும் வைத்தேன். ஒரு முனைக்கு வைத்து ஒரு முனையை விடக்கூடாது இல்லையா.

யாரும் என்னைக் கேட்கவில்லை அக்கா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்புறம் சர்வீஸ் பார்க்கிற நவாஸ் பாய் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, குனியாமல், திரையைப் பார்த்தே வைத்தியம் செய்தார். பழைய சாப்ட்வேரைத் தூக்கிப் புதிதாகப் போட்டார். இரண்டு டீ குடித்தார். கடைசியில் கையை விரித்து, "கிராபிக்ஸ் கார்டு போயிருச்சு" என்றார். படத்தை வெளியே அனுப்புகிற அட்டையாம் அது. சேலத்துக்கு அனுப்பினால்தான் ஆகும், தீபாவளிக்கு முன்னால் முடியாது என்றார்.

"நல்லா இருந்தது எப்படிப் போகும்?" என்றார் முதலாளி.

"கரண்ட் ஓடறப்பவே வயரப் புடுங்கி மாட்டினா போகும்."

முதலாளி தாமு அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "ஆப் பண்ணிட்டுத்தாங்க கழட்டினேன்" என்றார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். அது திட்டுவதை விட மோசம்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணன் மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து, தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை.

"கௌசி, அன்னிக்குத் தொடைக்கறப்ப வயர்ல தண்ணி கிண்ணி பட்டுச்சா? பட்டிருந்தாலும் ஒண்ணுமில்ல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

தண்ணீர் படவில்லை அக்கா. அது சத்தியம். ஈரத்துணிகூட இல்லை, காய்ந்த துணியில்தான் துடைத்தேன். அவர் தண்ணீரைத்தான் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

"சரி விடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் ஒற்றைத் திரையில்தான் வேலை. பார்ட்டி வந்தால் தன் பக்கத்து டிவியை அப்படியே வெளியே திருப்பிக் காட்டுவார். திருகாணி வயர் நீளம் பத்தாது, பாதிதான் திரும்பும், பார்ட்டி கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். மறுபடி உள்ளே திருப்பி வேலை செய்வார். மறுபடி வெளியே. போன் இருக்கிறவர்களுக்குப் போனில் அனுப்பிவிடுவார். இல்லாதவர்களுக்குத்தான் இந்தத் திருப்பல். உள்ளே வந்து பார்க்கலாமே என்பீர்கள். உள்ளே பார்ட்டியை விடக்கூடாது, முன்பு ஒருத்தர் டீயைக் கீபோர்டில் கொட்டிவிட்டதிலிருந்து முதலாளி உத்தரவு.

ஐப்பசி முகூர்த்தம் வந்தது. கடையில் நிற்க இடமில்லை. அன்றைக்குத்தான் கந்தப்பன் என்று ஒருத்தர் வந்தார், மல்லியகரை பக்கம். மகளுக்கு மஞ்சள் நீராட்டு, மண்டப வாசலில் கட்டப் பெரிய பேனர் வேண்டும். கையில் காகிதப் போட்டோக்கள், பையில் பட்டன் போன். குடும்பத்தில் இருக்கிறவர்கள் போட்டோவெல்லாம் வரிசையாகக் கீழே வரும். செத்துப்போனவர்கள் போட்டோ மேலே மூலையில், பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே 'தெய்வத்திரு'. அது உங்களுக்கே தெரியும்.

அண்ணன் ஏழு பார்ட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து டிவியைத் திருப்பித் திருப்பி மணிக்கட்டு வீங்கியிருந்தது. திருப்பாமலே கேட்டார்.

"விளக்கு யாருக்கு வெக்கறதுங்க?"

"எங்கப்பாவுக்கு."

"எதுங்க அப்பா?"

"அதான், வெள்ளச் சட்ட."

"மீசை வெச்சவருங்களா?"

"ஆமா, மீசதான். நெத்தியில திருநீறு."

"சரிங்க. அடிச்சர்லாமா?"

"அடிங்க, அடிங்க. பொண்ணுக்குப் பவுடர் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க."

நீங்களே சொல்லுங்கள் அக்கா, நம் பக்கம் போட்டோ எடுக்கப் போகிற ஆம்பிளை யார் வெள்ளைச் சட்டை போடாமல், திருநீறு வைக்காமல் போகிறான்? மீசை இல்லாத ஆள் யார்? விரல் வைத்துக் காட்டியிருந்தால் ஒரு நொடி வேலை.

அந்தப் பேனருக்கு ரிங் அடித்தது நான்தான். மூலையில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தவர் நல்ல களையான முகம். சிரித்த முகம். பாவம், என்ன வியாதியோ, பிள்ளைகள் சின்னதுகளோ என்று நினைத்துக்கொண்டே அடித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் கடைக்குள் நடந்து வந்தார்.

நான்தான் முதலில் பார்த்தேன். அதே முகம், அதே மீசை, அதே திருநீறு, பட்டு வேட்டி வேறு. நான் நிவியைத் தூக்கிக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் போய்விட்டேன். பின்னாலேயே கந்தப்பனும் இன்னும் நாலு பேரும், இரண்டு பேர் பேனரைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு.

வந்தவர் பெயர் அர்த்தனாரி. பெண்ணுக்குத் தாய்மாமன். குடிசை கட்டுகிற மாமன், சீர் கொண்டு வருகிற மாமன். அவர் இல்லாமல் அந்த விசேஷமே இல்லை.

அவர் கத்தவில்லை. கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு தாமு அண்ணனைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீதான் அடிச்சதா? இருவத்தோரு தட்டோட வேன்ல வந்து எறங்கறேன். வாசல்ல நானே செத்துக் கெடக்கறேன். வெளக்கெல்லாம் ஏத்தி வெச்சிருக்கற. எண்ண யாரு ஊத்தறது, நீயா?"

"ஐயா, தப்பு நடந்து..." என்று தாமு அண்ணன் ஆரம்பித்தார்.

"கீழ வரிசையில இவுங்கப்பாவ, எங்க சம்மந்தி மாமன, உசுரோட உக்கார வெச்சிருக்கற. அவரு போயி ஆறு வருசமாச்சு. அவருகிட்டயே சீர் வாங்கிக்கச் சொல்லிட்டேன்."

கூட வந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். கந்தப்பன் அழுகிற மாதிரி நின்றார். அர்த்தனாரியின் பொண்டாட்டி பேனரைப் பார்த்து அங்கேயே மயக்கம் போட்டுவிட்டதாம். அபசகுனம் என்று தட்டைத் திருப்பி வேனில் ஏற்றிவிட்டார்களாம். மஞ்சள் தண்ணி ஊற்ற உட்கார வைத்த பெண் அப்படியே உட்கார்ந்திருக்கிறாளாம்.

"சரின்னு சொன்னது அவருதாங்க" என்று அண்ணன் கந்தப்பனைக் காட்டினார்.

"நான் எங்க பாத்தேன்? நீ எங்க காட்டுன?" என்றார் கந்தப்பன். "அந்த டிவி இருட்டுக் கெடக்குது. நான் சொன்னத நம்பி நீ அடிச்ச, நீ அடிச்சத நம்பி நான் கட்டினேன்."

எல்லோரும் பார்ட்டி மானிட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் நெற்றியில் நான் வைத்த சந்தனப் பட்டை காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பத்து ஆம்பிளைகள் நிற்கிறார்கள், நான் மிஷினுக்குப் பின்னால் நிற்கிறேன், இடுப்பில் பிள்ளை. எங்கிருந்து ஆரம்பிப்பது? யாராவது என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டால் சொல்லலாம். யாரும் திரும்பவில்லை.

அவர்கள் போன பிறகு முதலாளி சொன்னார். "கார்டையும் ஊதின, கஸ்டமரையும் கொன்ன. போதும் தாமு. கணக்க முடிச்சுக்க."

அண்ணன் கெஞ்சுவார் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. தன்னுடைய தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, சாப்பாட்டுப் பை மூன்றையும் எடுத்தார். முதலாளி, "இந்தக் கருமத்தையும் எடுத்துக்கிட்டுப் போ, கண்ணுல படக்கூடாது" என்று பேனரைக் காலால் தள்ளினார். அதையும் தோளில் போட்டுக்கொண்டார். நிவி கன்னத்தைத் தட்டி, "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்றார். என்னைப் பார்த்து, "பேசிப் பழகு கௌசி" என்றார். அவ்வளவுதான்.

இப்போது ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்குகிறாராம். ஆத்தூரில் எந்தக் கடைக்குப் போனாலும், "மாமனக் கொன்ன டிசைனரா நீ?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எட்டு வருடம் மவுஸ் பிடித்த கை அக்கா.

அவர் போன நாலாம் நாள் நவாஸ் பாய் கார்டைக் கழற்ற வந்தார். இந்தத் தடவை கம்ப்யூட்டரைத் தூக்கி மேசை மேல் வைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசியால் நோண்டினார். விரலில் வைத்துத் தேய்த்தார், மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"முதலாளி, இங்க வாங்க. சந்தன வாசம் அடிக்குது."

"கார்டுலயா?"

"கார்டு நல்லாத்தான் இருக்குது. ஓட்டைக்குள்ள யாரோ அபிஷேகம் பண்ணியிருக்காங்க. டிவி ஓட்டையிலயும் இருக்குது."

சின்ன பிரஷும் ஏதோ மருந்தும் வைத்துத் துடைத்தார். மாட்டினார். பார்ட்டி மானிட்டர் வந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை அக்கா. 'டிடெக்ட்' பட்டனை அமுக்கக்கூட இல்லை, தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வயரையெல்லாம் கழட்டி வெச்சுப் பூச போட்டது அவந்தான். அவன் பக்திக்கு அவனே பலி. வெச்ச கையை வெட்டணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார் இல்லையா? வெட்டணும் என்றுதானே சொன்னார்? நான் என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அப்ப தாமுவத் திருப்பிக் கூப்பிடலாமே" என்றார் பாய்.

"அவனே பண்ணிட்டு, ஒண்ணுந் தெரியாதவனாட்டம் நம்மளப் புது வயர் வாங்க வெச்சிருக்கான். கெடக்கட்டும்" என்றார் முதலாளி. அதற்குள் அந்த நாற்காலியில் அவருடைய மச்சான் மகன் உட்கார்ந்துவிட்டான்.

அதனால்தான் போகிறேன். முதலாளியிடம் என்னால் சொல்ல முடியாது. இவளைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? தாமு அண்ணனிடம் சொல்லிவிட்டால் போதும். அவர் மனது தெளிந்துவிடும். அவரே யோசித்து ஏதாவது செய்துகொள்வார். என் பெயர் வராமல் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியும், வாய் உள்ளவர்.

போனில் சொல்லலாமே என்கிறீர்கள். செய்தேனே. இரண்டு தடவை செய்தேன். "யாரு, கௌசியா? பாப்பா நல்லா இருக்குதா?" என்று கேட்டார். "உம்" என்றேன். "கடையெல்லாம் ஓடுதா?" என்றார். "உம்" என்றேன். "என்ன விஷயம்?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர், "வெச்சர்றேன், மூட்ட ஏத்தணும்" என்றார்.

கிட்டே வந்துவிட்டது அக்கா. அந்தப் புளியமரம் தாண்டினால் ஸ்டாப். ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், வலது கைப் பக்கம், ஓட்டு வீடு, பக்கத்தில் குளிக்கிறதுக்கு மறைப்பு கட்டியிருக்கிறது பாருங்கள். அந்தப் பேனர்தான். நான் அடித்த ரிங்கில்தான் கயிறு கட்டியிருக்கிறார். அதோ, சிரிக்கிறார் பாருங்கள் அர்த்தனாரி. விளக்கும் தெரிகிறது. வெயிலில் கொஞ்சம் வெளுத்துவிட்டது. நிவிக்கு அந்த விளக்கைக் கண்டால் குஷி. போன வாரமும் கை காட்டினாள்.

ஆமாம் அக்கா, போன வாரமும் வந்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். கடை லீவு இன்றைக்குத்தானே.

வாசலில் நிற்பது அவர்தான். தலைக்குத் துண்டு கட்டியிருக்கிறார். இல்லை, கூப்பிட வேண்டாம் அக்கா. வேண்டாம், கையை எடுங்கள். குளிக்கப் போகிறார் போல. இந்த நேரத்தில் போய் நின்றால் நன்றாக இருக்காது.

பஸ் கிளம்பிவிட்டது பாருங்கள். "கெங்கவல்லி எறங்கறவங்க இருக்கீங்களா?" என்று கண்டக்டர் எல்லோரையும் கேட்டார். நம் சீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார், கேட்காமல் தாண்டிப் போய்விட்டார். முதல் வாரம் கேட்டார். இப்போது ஏறினதுமே, இதைத் தாண்டிக் கடைசி ஸ்டாப் தம்மம்பட்டிக்கே டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்.

அவர்கூட என்னைக் கேட்பதில்லை அக்கா.